வேண்டாங்காரி கொடி சுமந்த செப்டம்பர்

என் மனைவி கொனாரியாவுக்கு ஒருலேய் ஊரார் வைத்திருந்த பட்டப்பெயர் வேண்டாங்காரி. இத்தாலியின் சார்டீனியாத் தீவில், இந்த மலைப்பக்கத்தில் பட்டப்பெயர் இல்லாத மனிதர் கிடையாது. என் பெயர் பூமியுருண்டை. ஆறாம் வகுப்புக்குப் பூகோளம் நடத்துகிறவனுக்கு இதைவிட மோசமான பெயர்கள் கிடைத்திருக்கலாம். ஆனால் அவளுடைய பெயரில் ஒரு குற்றச்சாட்டு இருந்தது.

அவள் தண்ணீர் மீட்டர் பார்க்கிறவள். ஊரில் எந்த வீட்டில் மீட்டர் மாடிப்படிக்கு அடியில் இருக்கிறது, எந்த வீட்டில் பன்றிக் கொட்டிலுக்குப் பின்னால் இருக்கிறது என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். டார்ச் விளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு தவழ்ந்து உள்ளே போவாள், எண்ணைப் பார்ப்பாள், முட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்து நிற்பாள். நிற்கிற இடத்தில் ஒரு தட்டு காத்திருக்கும். எங்கள் ஊரில் வாசற்படியைத் தாண்டி உள்ளே வந்தவர் வாய் நனைக்காமல் திரும்ப முடியாது. இணைப்பைத் துண்டிக்க வருகிறவன்கூட முதலில் காப்பி குடித்துப் பலகாரம் தின்றுவிட்டுத்தான் குழாயில் கை வைக்க வேண்டும்.

கொனாரியா மட்டும் "வேண்டாம்" என்பாள். கல்யாண வீட்டில் வேண்டாம், ஞானஸ்நான வீட்டில் வேண்டாம். சிரித்துக்கொண்டுதான் சொல்வாள். சிரித்துக்கொண்டு சொன்னால் அது இன்னும் பெரிய திமிர் என்று ஊர் முடிவு கட்டியிருந்தது.

உண்மை வேறு. பதினாலு வயதில் அவளுக்குச் சர்க்கரை நோய் வந்தது, குழந்தைகளுக்கு வருகிற வகை. எங்கள் தீவில் இது புதிதே அல்ல; உலகத்தில் இந்த நோய் அதிகமாக உள்ள இடங்களில் நாங்களும் உண்டு என்று டாக்டர்கள் சொல்வார்கள். ஆனால் அவளுடைய அம்மா, பெண்ணுக்கு மாப்பிள்ளை கிடைக்காமல் போய்விடும் என்று பயந்து அதை வெளியே விடவில்லை. வாயை மூடிக்கொண்டு வளர்ந்தவள் கல்யாணத்துக்குப் பிறகும் அப்படியே இருந்துவிட்டாள். ஒரு பலகாரம் தின்றால் ஒரு ஊசி. அடுத்த வீட்டில் இன்னொன்று தின்றால் இன்னொரு ஊசி. அடுத்தவர் வீட்டுக் கழிப்பறையில் கதவைச் சாத்திக்கொண்டு, ரவிக்கையைத் தூக்கி வயிற்றில் குத்திக்கொண்டு வருவதைவிட ஒரு வார்த்தை சொல்வது சுலபம். அந்த வார்த்தைதான் அவள் பெயராகிவிட்டது.

சென்ற டிசம்பரில் அவள் போய்விட்டாள். சர்க்கரை அல்ல, நுரையீரல் காய்ச்சல். அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. அவள் கொடி சுமந்த ஆண்டைப் பற்றி எழுத நிறைய இருக்கிறது.

எங்கள் ஊருக்கு மேலே குன்றின் உச்சியில் சாந்தா ஜுஸ்தா என்ற புனிதையின் சிறிய கோவில் இருக்கிறது. திருவிழா செப்டம்பரில். அதற்கு முந்தைய இரண்டு நாளும் அந்த ஆண்டின் கொடிக்காரி, புனிதையின் பட்டுக்கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு வீடு வீடாகப் போக வேண்டும். ஒவ்வொரு வீட்டிலும் அந்த வீட்டுப் பலகாரத்தைத் தின்ன வேண்டும். தின்றால்தான் கொடி அந்த வீட்டை வாழ்த்தியதாகக் கணக்கு. ஒரே ஒரு வாசலில் மறுத்தாலும் கொடியை அங்கேயே இறக்கிவிட வேண்டும். அது போன ஆண்டுக் கொடிக்காரியிடம் திரும்பிப் போய்விடும். அப்படி ஒரு முறை நடந்ததாகச் சொல்வார்கள். அந்தக் குடும்பம் பிறகு ஊரைவிட்டே போய்விட்டதாம்.

கொடிக்காரியைச் சீட்டுப் போட்டு எடுப்பது ஈஸ்டருக்கு மறுநாள். கல்யாணமான பெண்கள் எல்லாருடைய பெயரும் மரப்பெட்டியில் இருக்கும், கொனாரியாவின் பெயரைத் தவிர. வேண்டாங்காரியின் பெயரைப் போட்டு என்ன பயன்? அவளும் கேட்டதில்லை. ஆனால் கொடி எங்கள் தெருவில் வருகிற நாளில் ஜன்னல் பக்கத்தில் நின்று பார்ப்பாள். கொடிக்காரி நடக்கிற வேகத்தைப் பற்றி ஏதாவது குறை சொல்லுவாள். "இவ என்ன, கொடியைத் துடைப்பம் மாதிரி தூக்கிட்டுப் போறா!" அவ்வளவுதான். இருந்தாலும் எனக்குத் தெரியும்.

அந்த ஆண்டு புதிதாக வந்த பங்குச்சாமி தீவின் தலைநகரான காலியாரியைச் சேர்ந்த இளைஞர். ஊர் விவகாரம் தெரியாது. பங்குப் பதிவேட்டில் இருந்த எல்லாப் பெயரையும் எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டார். சீட்டை எடுத்து உற்சாகமாகப் படித்தார்: "கொனாரியா!"

கோவிலில் எல்லாரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். போன ஆண்டுக் கொடிக்காரி மல்லேனா எழுந்தாள். அவள் இரண்டு தெரு தள்ளி இருப்பவள். அவளுடைய மூத்த மகனின் ஞானஸ்நானத்தன்று கொனாரியா பரிசு கொடுத்துவிட்டுப் பலகாரம் தொடாமல் வந்தாள். பிள்ளைக்குச் சாபம் போட்டது போல ஆகிவிட்டது என்று அன்றிலிருந்து இவளோடு பேச்சு இல்லை.

"வேற சீட்டு எடுங்க சாமி," என்றாள் மல்லேனா. "அவ யார் வீட்டிலயும் வாய் வைக்க மாட்டா. முதல் வாசல்லயே கொடி திரும்பி என்கிட்ட வந்துடும். எதுக்கு வீண் அலைச்சல்?"

சாமி என்னைப் பார்த்தார். நான் என் செருப்பைப் பார்த்தேன். கொனாரியா எழுந்து நின்றாள்.

"வைப்பேன்," என்றாள். "எனக்குச் சக்கரை வியாதி. பதினாலு வயசுல இருந்து ஊசி போட்டுக்கறேன். அதனாலதான் உங்க யார் வீட்டிலயும் சாப்பிடலை. திமிரு இல்லை. செப்டம்பர்ல எல்லா வீட்டிலயும் சாப்பிடுவேன். ஒரு வீடு விட மாட்டேன். சீட்டை மறுபடி பெட்டியில போடாதீங்க சாமி."

மல்லேனா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "பார்க்கலாம்," என்று சாமியிடம் சொல்லி உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வருகிற வழியில்தான் கொனாரியாவுக்குப் பயம் வந்தது. "ஏங்க, நான் என்ன சொல்லிட்டு வந்திருக்கேன்? மேலத்தெருவுல மட்டும் எத்தனை வீடு! அத்தனை ஊசியா குத்திக்குவேன்? சல்லடையாயிடுவேனே!"

நூவொரோ ஆஸ்பத்திரியில் டாக்டர் சன்னா பல வருடமாக இன்சுலின் பம்ப் வைத்துக்கொள்ளச் சொல்லிக்கொண்டிருந்தார். இவள்தான் சம்மதிக்கவில்லை. "நாய்க்குச் சங்கிலி மாதிரி ஒரு குழாயை மாட்டிட்டுத் திரியணுமா?" என்பாள். இந்த முறை அவளே போய், "டாக்டரம்மா, அந்தச் சங்கிலியைக் குடுங்க," என்றாள்.

காரணத்தைக் கேட்டதும் டாக்டர் சன்னா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "கண்ணு போயிடும், சிறுநீரகம் போயிடும்னு எத்தனை தடவை சொன்னேன்! ஒரு தடவை காது குடுத்தியா? இப்ப பலகாரம் திங்கறதுக்காக வர்றே. சரி, ஏதோ ஒரு வழியில வந்து சேர்ந்தியே!"

தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய சாதனம். அதிலிருந்து ஒரு மெல்லிய குழாய். குழாயின் நுனியில் இருக்கிற சிறு பிளாஸ்டிக் முள்ளை வயிற்றில் குத்தி ஒட்டிவிட்டால் சில நாள் அது அங்கேயே இருக்கும். பகலும் இரவும் சொட்டுச் சொட்டாக மருந்து தானே இறங்கும். சாப்பிடும்போது எவ்வளவு மாவுச்சத்து என்று கணக்குப் பார்த்துப் பொத்தானை அமுக்கினால் அதற்கு ஏற்ற மருந்தும் இறங்கும். ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஒரு "பீப்". பழகுவதற்கு முதலில் வெறும் உப்புத்தண்ணீர் நிரப்பிக் கொடுத்தார்கள்.

முதல் நாளே குழாய் சமையலறைக் கதவின் கைப்பிடியில் மாட்டிக்கொண்டது. வேகமாகப் போனவள் சட்டென்று நின்று, இரண்டு அடி பின்னால் வந்தாள். "கட்டிப் போட்ட ஆடு மாதிரி ஆயிட்டேன் பாருங்க!" என்று கத்தினாள். அடுத்த நாள் மேசை இழுப்பறை. அதற்கு அடுத்த நாள் நான், அதாவது என் சட்டைப் பொத்தான். குழாயை எங்கே சுருட்டி வைப்பது என்று தெரியும்வரை எங்கள் வீட்டில் ஒரு கதவையும் அவள் நேராகத் தாண்டவில்லை.

உண்மையான மருந்து நிரப்பிய பிறகு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்து காப்பி போட்டு, ஆட்டுப்பாலைக் காய்ச்சி, செய்தித்தாளை முழுக்கப் படித்துவிட்டேன். அவள் எழுந்திருக்கவில்லை. பயந்து போய்த் தோளை உலுக்கினேன்.

"என்ன?"

"மணி பத்தாகப் போகுது! சாப்பிட வேணாமா? ஊசி?"

ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். "ஊசிக்காக எழுந்து, ஊசிக்காகச் சாப்பிட்ட காலமெல்லாம் போச்சு. அது பாட்டுக்கு இறங்கிட்டிருக்கு. பூமியுருண்டை சுத்தட்டும், நான் தூங்கறேன்." போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

ஜூன் மாதத்தில் ஒரு நாள் மீட்டர் பார்த்துவிட்டு என்னோடு வருகிற வழியில், வேலிக்கு வெளியே தொங்கிய பீச் பழத்தைப் பறித்து நின்ற இடத்திலேயே கடித்தாள். கையால் எடை போட்டுப் பார்த்தாள், பொத்தானை அமுக்கினாள், மறுபடி கடித்தாள். சாறு முழங்கை வரை வழிந்தது. அவள் இப்படிக் கணக்கில்லாத நேரத்தில் ஒன்றைத் தின்று நான் பார்த்ததே கிடையாது. துடைத்துக்கொள்ளக் கைக்குட்டை கொடுத்தேன். வாங்கவில்லை. அப்படியே வீடு வரை நடந்தாள்.

அப்புறம் திருவிழாவுக்கான ஏற்பாடு. மீட்டர் பார்க்கப் போகிற வீட்டிலெல்லாம் கேட்டாள்: "உங்க பாதாம் உருண்டை எவ்வளவு பெரிசு? சக்கரை எவ்வளவு? தேனா, பாகா?" பலகாரக் கணக்கு எங்கள் ஊரில் குடும்ப ரகசியம். ஆனாலும் சொன்னார்கள், ஏனென்றால் விஷயம் கோவிலில் பொதுவில் வந்துவிட்டது. மீட்டர் எண்களை மனதில் வைத்திருப்பவளுக்கு இது என்ன பிரமாதம்? இந்த வீட்டு உருண்டைக்கு இவ்வளவு மருந்து, அந்த வீட்டுத் திராட்சைப் பலகாரத்துக்கு அவ்வளவு என்று பாடம் போல ஒப்பிப்பாள். மல்லேனா வீட்டில் மட்டும் கேட்கவில்லை. "அங்க போய்ப் பார்த்துக்கலாம்," என்றாள்.

விழா உடைதான் பெரிய தொல்லை. சிவப்புப் பாவாடையில் நூறு மடிப்பு இருக்கும், ஒரு பை இருக்காது. பம்ப் வைக்க ஒரு சின்னப் பையை அவளே பாவாடையின் உட்புறம் தைத்துக்கொண்டாள். பொத்தானை அமுக்க, பாவாடைக்கு மேலே இடுப்பில் கட்டுகிற முன்றானைத் துணிக்குக் கீழே கையை விட வேண்டும்.

முதல் நாள் மேலத்தெரு. கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் முன்னால் நடந்தாள், காணிக்கைக் கூடையோடு நான் பின்னால். தெருப்பிள்ளைகள் எல்லாரும் கூடவே. சர்க்கரை திடீரென்று இறங்குகிற அவசரத்துக்கு என்று அவள் எப்போதும் மடியில் வைத்திருக்கிற சர்க்கரை மிட்டாய் முழுவதையும் முதல் திருப்பத்திலேயே பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டாள்.

"அதை எதுக்குக் குடுத்தே?" என்றேன்.

"இன்னைக்கு எனக்குச் சக்கரைப் பஞ்சமா வரப்போகுது?"

முதல் வீட்டில் பாதாம் உருண்டையை எடுத்தாள். முன்றானைக்குக் கீழே கை போனது. பீப், பீப், பீப். தின்றாள். அந்த வீட்டு அம்மாள் அழுதே விட்டாள். இரண்டாவது வீடு, மூன்றாவது வீடு. ஒவ்வொரு வாசலிலும் பெண்கள் அவள் வாயையே பார்த்தார்கள். விழுங்கியதும் ஒருவரையொருவர் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார்கள். பின்னால் ஒரு கிழவர் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னது என் காதில் விழுந்தது: "பாருப்பா, தின்னறதுக்கு முன்னாடி முந்தானைக்குள்ள ஜெபமாலை உருட்டறா. என்ன பக்தி!"

"ஜெபமாலை கத்துமா தாத்தா?"

"இவளுது கத்துது. அவ்வளவு பக்தி."

ஆறேழு வீடு தாண்டியிருக்கும். கொடி ஆடுவதைப் பார்த்தேன். காற்று இல்லை. பக்கத்தில் போனால் அவள் நெற்றி முழுக்க வியர்வை, உதடு வெளுத்திருந்தது.

"எங்கயோ கணக்குத் தப்பாயிடுச்சு," என்றாள் மெதுவாக. "சக்கரை இறங்கிட்டே போகுது. இவ்வளவு தின்னும் எப்படி இறங்கும்? குழாய்ல ஏதாவது கோளாறா?"

"கொடியை என்கிட்ட குடு."

"குடுத்தா முடிஞ்சது. வேற கை கொடியில படக் கூடாது."

எதிரே இருந்தது மல்லேனாவின் வாசல், அன்றைய கடைசி வீடு. அவள் கறுப்பு உடையில், கைகளைக் கட்டிக்கொண்டு நின்றாள். கொனாரியா படி ஏறினாள். ஒரு கையால் கொடிமரத்தையும் மறு கையால் கதவு நிலையையும் பிடித்துக்கொண்டாள்.

"என்னடி, மூஞ்சி சுண்ணாம்பு மாதிரி இருக்கு?" பல வருடத்துக்குப் பிறகு மல்லேனா அவளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"அக்கா, உங்க பலகாரத்துல சக்கரை இருக்கா?"

மல்லேனாவின் முகம் சிவந்துவிட்டது. "என்ன கேள்விடி இது? சக்கரை இல்லாம பலகாரமா? இவளுங்க எல்லாம் சேர்ந்து என்கிட்டயும் வந்தாளுங்க. 'பாவம், வியாதிக்காரி. சக்கரைக்குப் பதிலா மருந்துக்கடை இனிப்பு மாத்திரையை இடிச்சுப் போட்டுப் பண்ணுவோம், அவளுக்குத் தெரிய வேணாம்'னு. போங்கடி வெளியேன்னு விரட்டிவிட்டேன். என் வாசலை மிதிக்கறவளுக்கு அரைப் பலகாரம் போட மாட்டேன். நீ எல்லா வீட்டிலயும் சாப்பிடுவேன்னு கோவில்ல சொன்னே. நான் நம்பினேன். அவளுங்கதான் நம்பலை."

கொனாரியா சிரிக்க ஆரம்பித்தாள். முழங்கால் மடங்குகிற நிலையில் அப்படி ஒரு சிரிப்பு. "அடிப் பாவிகளா! இல்லாத சக்கரைக்கெல்லாம் மருந்து ஏத்திட்டு வந்திருக்கேன்!" முன்றானைக்குக் கீழே கை விட்டுப் பம்பை நிறுத்தினாள். "அக்கா, சீக்கிரம். குடிக்கறதுக்கு முதல்ல. இனிப்பா."

மல்லேனா கேள்வி கேட்டு நேரத்தைக் கடத்தவில்லை. தயாராக இருந்த காப்பியில் கைக்கு வந்தபடி சர்க்கரையைக் கொட்டிக் கலக்கி, ஆற்றி, அவள் வாயிலேயே வைத்தாள். நான் கொடிமரத்தின் அடிப்பகுதியை என் காலால் முட்டுக் கொடுத்துக்கொண்டேன். கை படவில்லை, விதி கெடவில்லை. கொனாரியா விரல் நுனியில் குத்திப் பார்த்தாள். ஐம்பதுக்கும் கீழே. பிறகு தட்டு வந்தது. தேனில் ஊறிய ஆரஞ்சுத் தோலும் பாதாமும், இலைமேல் வைத்து. ஒன்று தின்றாள். விரலை நக்கினாள். கண்ணில் வெளிச்சம் திரும்பியது.

"இன்னொண்ணு இருக்காக்கா?"

மல்லேனா தட்டைக் கீழே வைத்துவிட்டாள். வேண்டாங்காரி கேட்டாள், வாய்விட்டுக் கேட்டாள், தன் வீட்டுப் பலகாரத்தை! உள்ளே ஓடி முழுப் பாத்திரத்தையும் எடுத்து வந்தாள். எதிரில் உட்கார்ந்து, அவள் மூன்றாவதைத் தின்னும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். "என் பெரியவன் ஞானஸ்நானத்துலயும் இதேதான்டி பண்ணியிருந்தேன்," என்றாள்.

"வாசனை வந்துச்சு அக்கா. இவ்வளவு வருஷமா மறக்கலை."

இருவரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். அப்புறம் மல்லேனா எழுந்து பால்கனிக்குப் போய், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தினாள்:

"ஏ கீழத்தெருக்காரிகளா! மாத்திரை போட்டுப் பண்ணினதை எல்லாம் பன்னிக்குப் போடுங்க! நாளைக்குச் சக்கரையோட இருக்கணும்! உங்க கருணையில இவளைக் கொன்னிருப்பீங்க!"

மறுநாள் காலை ஊரே வறுத்த பாதாமும் சர்க்கரைப் பாகும் மணந்தது. கீழத்தெருப் பெண்கள் ஒருத்தியும் தூங்கவில்லை என்று கேள்வி. மருந்துக்கடைக்காரர் பாக்கீஸ் தன் கடை வாசலில் நின்று என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார்: "மாஸ்டர், ஒரே மாசத்துல ஊர்ப் பொம்பளைங்க அத்தனை பேரும் இனிப்பு மாத்திரை வாங்கினாங்க. ஊருக்கே சக்கரை வந்துடுச்சுன்னு நினைச்சு நூவொரோவுக்குச் சொல்லலாமான்னு இருந்தேன்."

அன்றைக்கு ஒவ்வொரு வாசலிலும் கொனாரியா கேட்டாள்: "சத்தியமாச் சொல்லு, சக்கரை இருக்கா?" "என் பிள்ளை மேல சத்தியம்!" என்று பெண்கள் மார்பில் கை வைத்தார்கள். பிறகுதான் பீப், பீப். ஜெபமாலைக் கிழவர் அன்றும் பின்னாலேயே வந்தார். விஷயத்தை விளக்கியும் அவர் நம்பவில்லை.

கடைசி வீடு கொடிக்காரியின் சொந்த வீடு. அங்கே அவளுக்குப் பரிமாற வேண்டியவன் நான். எனக்குப் பலகாரம் செய்யத் தெரியாது. ஊர் முழுக்க வாசலில் கூடியிருந்தது, மல்லேனா முன்வரிசையில். நான் கடையில் வாங்கிய பிஸ்கட் பொட்டலத்தை அப்படியே தட்டில் வைத்து நீட்டினேன்.

"கடைப் பிஸ்கட்டா!" மல்லேனா தலையில் அடித்துக்கொண்டாள். "கொடிக்கு! வாத்தியாரே, உமக்கு வெட்கமா இல்லை?"

கொனாரியா பொட்டலத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் படித்தாள். ஒரு பிஸ்கட்டில் எவ்வளவு மாவுச்சத்து, எவ்வளவு சர்க்கரை, எல்லாம் அச்சடித்திருந்தது. எல்லாருக்கும் தெரியும்படி அதைத் தூக்கிக் காட்டினாள்.

"நல்லாப் பாருங்கடி. ஊர்லயே உண்மை சொன்ன வீடு இது ஒண்ணுதான்."

அந்தச் சிரிப்பு தெருக்கோடி வரை போனது. ஒரு கையில் கொடி, வாயில் பிஸ்கட். மற்றொரு கை முன்றானைக்குக் கீழே போயிற்று. சிரிப்பு அடங்கட்டும் என்று கொஞ்சம் காத்திருந்து அமுக்கினாள். எல்லாரும் கேட்டோம்.

பீப், பீப்.